நாலாவது வீடு

"ஹமீது அண்ணா வாயைத் திறந்தா எல்லாம் போச்சுடா அனிருத். பேசாம வண்டியைத் திருப்பிடேன்."

பழனி தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதிலிருந்து விஜயலக்ஷ்மி மகனிடம் இதே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் கணவர் ஸ்ரீனிவாசராகவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குறட்டைச் சத்தம் வரும்வரை அவள் இந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

"ஃபோன்லதான் சொல்லிட்டியேம்மா. அவரும் சரின்னாரே."

"அவர் வாயில எதுடா நின்னுருக்கு? அப்பாவோட ரிடையர்மென்ட் பார்ட்டியை ரகசியமா ஏற்பாடு பண்ணினோம். 'டேய், ஞாயித்துக்கிழமை ஒண்ணும் தெரியாத மாதிரி வந்துடு'ன்னு முதல் வேலையா அப்பாகிட்டயே போய்ச் சொன்ன மனுஷன்!"

அனிருத்துக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் தேனாம்பேட்டையில் எடுத்த ஸ்கேனில், கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது என்று வந்திருந்தது. தீபாவளியைத் தாண்டினால் பெரிது என்றார் டாக்டர். அதை அவளும் அனிருத்தும் மட்டும்தான் கேட்டார்கள். அவரிடம் "வெறும் அல்சர்தான்" என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டை மயிலாப்பூர் வீட்டுப் பரணில் இருந்த கொலுப் பெட்டிக்குள், பொம்மை சுற்றிய பேப்பர்களோடு பேப்பராகச் சுருட்டி வைத்துவிட்டாள். நவராத்திரி வரை அதை யார் தொடப்போகிறார்கள்? இருக்கிற நாளாவது அந்த மனுஷர் பயமில்லாமல் இருக்கட்டும். அதற்காக அவள் எத்தனை பொய்க்கும் தயார்.

"மலைப் பக்கம் எங்கேயாவது போயிட்டு வரலாமே" என்றவள் அவள்தான். "அப்படியே பழைய சிநேகிதாளையும் பாத்துண்டு வந்துடலாம்" என்று சேர்த்துக்கொண்டவர் அவர்.

ஏற்காடு, குன்னூர், வால்பாறை. மூன்று வீடு தாண்டியாயிற்று. எல்லாரிடமும் முன்கூட்டியே ஃபோனில் கெஞ்சியிருந்தாள். யாரும் மூச்சு விடவில்லை. சிரித்தார்கள், சாப்பாடு போட்டார்கள். அவர்தான் எந்த வீட்டிலும் அதிகம் பேசவில்லை. சாப்பிட்டதும், "நான் செத்தக் கண்ணசர்றேன், நீங்கள்லாம் பேசிண்டிருங்கோ" என்று படுத்துவிடுவார். உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். வால்பாறை சிநேகிதரின் மனைவி நீரஜாவோடு மூன்று மணி நேரம் பேசியும் அவள் மனது அவர் குறட்டையிலேயே இருந்தது.

மிச்சம் கொடைக்கானல் மட்டும்தான். ரிடையர் ஆனதும் அங்கே குடியேறிவிட்ட ஷாஹுல் ஹமீது, பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். கணக்கு வாத்தியாரான ஸ்ரீனிவாசராகவனோடு முப்பது வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தவர்.

வாசலிலேயே ஹமீது ஓடிவந்து நண்பரைக் கட்டிக்கொண்டார்.

"இன்னாடா ராகவா, பாதியா..."

விஜயலக்ஷ்மி சட்டென்று இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"...பாதி வழியில எங்கனா டிபன் சாப்ட்டீங்களான்னு கேட்டேன்."

ஹமீதின் மனைவி, மகளின் பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்தார். சைவ ஹோட்டலிலிருந்து வாங்கி வைத்திருந்த சாப்பாட்டை ஹமீதே பரிமாறினார். சாம்பார் ஊற்றும்போது கண் கலங்கியது.

"இன்னும் எத்தினி நாள்டா..." என்று ஆரம்பித்தார்.

விஜயலக்ஷ்மியின் கையிலிருந்த டம்ளர் நழுவி, தண்ணீர் மேஜை முழுக்க ஓடியது.

"...இங்க தங்கப் போறீங்கன்னு கேட்டேன்மா."

"இன்னிக்கே கிளம்பறோம்" என்றார் ஸ்ரீனிவாசராகவன், அப்பளத்தை நொறுக்கியபடி. சாப்பிட்டு எழுந்தார். "நான் செத்தக் கண்ணசர்றேன். நீங்கள்லாம் பேசிண்டிருங்கோ."

கூடத்துச் சோபாவில் படுத்தார். ஐந்தாவது நிமிஷம் குறட்டை வந்தது. அனிருத் டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போய்விட்டான்.

விஜயலக்ஷ்மி காபிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஹமீதைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். கோபத்தை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் ஒரு மணி நேரம்ண்ணா. காபி குடிச்சுட்டுக் கிளம்பிடறோம். அதுவரைக்கும் வாயை மூடிண்டிருங்கோ. கையெடுத்துக் கும்பிடறேன். அவருக்குத் தெரிஞ்சா அந்த நிமிஷமே உடைஞ்சு போயிடுவார்."

ஹமீது சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"ஒரு ரகசியத்தையே என்னால வச்சுக்க முடியாது தங்கச்சி. ரெண்டைக் கொண்டாந்து கொடுத்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"ரெண்டா?"

"நீ ஃபோன் பண்றதுக்கு ஒரு வாரம் முந்தியே அவன் பண்ணிட்டான்மா. கொலு கிருஷ்ணனுக்கு நீலம் போயிடுச்சு, நவராத்திரிக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சு வச்சு உன்னை அசத்தலாம்னு, நீ கோயிலுக்குப் போன நேரம் பெட்டியை இறக்கியிருக்கான்..."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவளுக்கு அணைக்கக் கை வரவில்லை.

"'விஜி கூப்பிடுவா, எனக்கு எதுவும் தெரியக்கூடாதுன்னு சொல்லுவா, நீயும் சரின்னுடு'ன்னான். நாலு வீட்டுக்கும் இதையேதான் சொல்லியிருக்கான். 'உங்களையெல்லாம் பாக்க நான் வரலைடா. எனக்கப்புறம் அவ போய் உக்காந்து பேச நாலு வீடு வேணும். அதுக்குத்தான் அவளைக் கூட்டிண்டு வரேன்'னான்."

விஜயலக்ஷ்மி மெல்லத் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள்.

அங்கே, குறட்டை பாதியில் நின்றது.