ஆறிப்போன இலை

பசியும் எரிச்சலுமாகத் தங்கப்பனுக்குத் தலை கொதித்தது. பூவம் கிராமத்து வீட்டு மொட்டைமாடியில், தலைவாழை இலை நிறைய அவருக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. தொடத்தான் முடியவில்லை. மகள் நிலா செல்போனோடு இலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"பாயசத்துல ஆடை படிஞ்சிடுச்சுடி!" என்று கத்தினார். அவள் காதிலேயே வாங்கவில்லை.

"அம்மா, வடையை இப்படித் தள்ளி வைங்க. ஸ்டேட்டஸ்ல எடுப்பா தெரியணும்."

"சீக்கிரம் எடுடி. அப்பா பசி தாங்க மாட்டாங்க" என்றபடி லோகாம்பாள் கீழே இறங்கினாள்.

பொறுத்தது போதுமென்று தங்கப்பன் வடைமேலேயே பாய்ந்தார்.

"ச்சூ, போ! நிழல் படத்துல விழுது!" நிலா துப்பட்டாவை வீசினாள்.

அவர் சிறகடித்துப் போய் அடுத்த வீட்டுச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

அரைமணி கழித்து நிலா ஸ்டேட்டஸ் போட்டாள்: "அமாவாசைப் படையல். தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒரு காக்காகூட வரல. அப்பாவுக்கு எங்கமேல என்ன கோபமோ!"