சீனித்துளசி நுரை

நுரை வந்துவிட்டது.

டம்ளருக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்த தையல்காரி சட்டென்று நிறுத்திக் குனிந்து பார்த்தாள். நிஜம்தான். வெளிர்பழுப்பில், கரண்டியைத் தூக்கினால் கூடவே எழுந்து வருகிற நுரை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறு நாளாக உயிரை வாங்கிய நுரை இது.

கியூபா காப்பிக்கு உயிரே அந்த நுரைதான். அடுப்பில் இரட்டை அடுக்குக் கெட்டில் சீறத் தொடங்கியதும், மேல் அடுக்கில் ஊறும் முதல் சொட்டுகளை மட்டும் சீனியில் விட்டு, கை ஒடிய அடிக்க வேண்டும். அதன்மேல் மீதிக் காப்பியை ஊற்ற வேண்டும். டம்ளருக்கு மூன்று கரண்டி சீனி.

அந்த மூன்று கரண்டியில்தான் வம்பே. அவள் வீட்டுக்காரர் கொஞ்ச காலமாக எதை எடுத்தாலும் சீனியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். உடம்பு சும்மா விடுமா? சர்க்கரை ஏறிவிட்டது. நாளுக்கு அரைக் கரண்டிக்கு மேல் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மிச்சத்துக்குச் சீனித்துளசிப் பொடி வாங்கி வந்தாள். தித்திப்பெல்லாம் சரிதான், நுரைதான் வரமாட்டேன் என்றது. எவ்வளவு அடித்தாலும் கலங்கிய தண்ணீராகவே கிடந்தது.

நான்காம் நாள் அவசரத்தில் டப்பா மாறி உப்பைப் போட்டுவிட்டாள். அவர் வேலைக்குக் கிளம்பிப் போனபிறகு கரண்டியை நக்கிப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. அந்தக் கண்றாவியை முழுசாகக் குடித்துவிட்டு மனிதர் சொல்லிவிட்டுப் போனது, நல்லா இருக்கு.

அதுதான் அவளை உறுத்தியது.

அவர் ஓட்டலில் தலைமைச் சமையல்காரர். அதற்குமுன் கப்பலில் சமைத்தவர். இருபது வருடமாக அவள் சமையலில் ஒரு நொட்டை சொல்லாமல் கை கழுவியதில்லை. உப்பு ஒரு கல் தூக்கல், வெங்காயம் ஒரு நிமிஷம் முந்தி இறக்கியிருக்கணும், இப்படி ஏதாவது. பல நாள் தட்டைப் பிடுங்கிவிடலாமா என்று வந்திருக்கிறது அவளுக்கு.

இந்த ஆறு மாதமாக ஒரு நொட்டையும் இல்லை. எதை வைத்தாலும் நல்லா இருக்கு. வாயைத் துடைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். கொடுத்து வைத்தவள் என்றாள் நாத்தனார். இவளுக்கோ, உப்பா சீனியா என்றுகூடக் கவனிக்காத அளவுக்கு இந்த மனிதருக்கு நான் அலுத்துப்போய்விட்டேனா என்று இருந்தது.

அதனால்தான் இந்தக் காப்பியைக் கையில் எடுத்தாள். கப்பல் நாளில் அவர் கற்றுக்கொண்டு வந்தது. கல்யாணமான புதிதில் போட்டுக் கொடுத்துவிட்டு, இதை வேறு யாரும் இப்படிப் போட முடியாது என்று பீற்றிக்கொண்டது. இதிலாவது வாயைத் திறக்கிறாரா பார்ப்போம். நுரையோடு கொடுத்தும் அதே இரண்டு வார்த்தைதான் என்றால், இன்று நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

இன்று, டாக்டர் அனுமதித்த அரைக் கரண்டிச் சீனியோடு பொடியைக் கலந்து, எண்ணி எட்டே சொட்டு விட்டு அடித்தாள். பிடிவாதம் பிடித்த நுரை சமர்த்தாக எழுந்து வந்தது.

சாயங்கால வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே அவர் வந்தார். கொடுத்தாள். அவள் நெஞ்சு தையல் மெஷின் மாதிரி ஓடியது.

நின்றபடியே ஒரு வாய் குடித்தார். வாசலை நோக்கி எடுத்த காலை நிறுத்தினார். இன்னொரு வாய். கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே அதை உருட்டினார்.

“கசக்குது.”

நொட்டை சொல்ல மாட்டாரா என்று ஏங்கியவள்தான். ஆனாலும் ஆறு நாள் கைவலி சும்மா இருக்குமா? சுள்ளென்று கோபம் வந்தது. என்ன கசப்பு, எங்கே கசப்பு என்று எகிறப் போனவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

“குடிச்சு முடிச்சப்புறம் அடிநாக்குல லேசா நிக்குது. அந்தப் பொடியோட கசப்பு. எனக்குத் தெரியுது.”

அவளைத் தாண்டி அடுக்களைக்குள் போனார். மிளகாய்ப் பொடி டப்பாவைத் திறந்து நாக்கில் வைத்தார். புரையேறியது. இருமிக்கொண்டே சிரித்தார். அடுத்து எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கடித்தார்.

ஆறு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலுக்குப் பிறகு நாக்கில் எதுவுமே தெரியவில்லை என்றார். எவ்வளவு சீனி கொட்டியும் தெரியவில்லை. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற அம்மாதான் ஆறு மாதமாக ரகசியமாக அவருக்கு உப்பு பார்த்துச் சொல்கிறாராம்.

என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்றாள் அவள்.

“நாக்கு போச்சுன்னு ஒரு சமையல்காரன் எப்படி வாய்விட்டுச் சொல்லுவான்?”

அவள் மீதிக் காப்பியை எடுத்து நீட்டினாள். அவர் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும், கசக்குது, கசக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.