அளவுக்கு நின்றவர்

பகோனிக் காட்டுப் பயிற்சியில் பிரோஷ்காவின் மூன்றாவது அம்பும் ரப்பர் மானின் முதுகைத் தாண்டிப் பறந்தது.

"மானை அடிக்கச் சொன்னா மேகத்தை அடிக்கிறே," என்றாள் தோழி தெர்க்கா. "கண்ணாலேயே தூரம் சொல்ற ஆளாச்சே நீ?"

"எப்பவும் போலத்தான்டி அளந்தேன். மான் பக்கத்துல அவரு நிப்பாரு. என் கட்டைவிரல் உயரம் தெரிஞ்சா இருபத்தஞ்சு தப்படி. சின்னதாத் தெரிஞ்சா இன்னும் தூரம். அளந்ததும் ஒதுங்கிக்குவாரு."

"இன்னிக்கு?"

"சின்னதாத்தான் தெரிஞ்சுது. அதான் வில்லைத் தூக்கிப் பிடிச்சேன்."

மரத்தோரம் ஒதுங்கியிருந்த கொழுந்தன் வெண்டெல் வெளியே வந்தான். போன மாதம் அடக்கம் செய்த அண்ணனின் கோட்டு அவன் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"மறுபடியும் நிக்கவா, அண்ணி?"

தெர்க்காவின் குரல் தணிந்தது. "இவன் அவரைவிடக் குள்ளம்டி."

பிரோஷ்கா வில்லைத் தாழ்த்தினாள்.

"அவரு இன்னும் கொஞ்சம் தள்ளி நிக்கிறாருன்னு நெனச்சுட்டேன்."