ஒரே தொட்டியில் இருபது

"தனித்தனியா வெச்சா வாடிடும்மா. குட்டியா இருக்கும்போது எல்லாம் ஒரே தொட்டியில நெருக்கியடிச்சுக்கிட்டுதான் இருக்கணும்."

"எனக்கு எதையும் அளவெடுத்துப் பிரிச்சு வெச்சே பழக்கம். தையல்காரி புத்தி."

போன வருஷம் நாற்றுக்கடைக்காரரும் அவளும் பேசிக்கொண்டது அது. கண்ணாடிக் குடுவையில் வாங்கிப்போன இருபது ஆர்க்கிட் கன்றுகளையும் ஆளுக்கொரு கிண்ணத்தில் நட்டு, பத்தே நாளில் மொத்தத்தையும் பறிகொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றிருந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. இருபது கன்றுகளோடு இன்னொரு குடுவையை எடுத்து நீட்டினார்.

அதை அவர் சொன்னபடியே ஒரே தொட்டியில் வைத்தாள். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் கடைக்குப் போனாள். ஒரு வாரம் வேர் அழுகல் என்பாள், மறுவாரம் இலைப்புள்ளி. அவரும் தனியாள்தான், கடை மூடும் நேரமானாலும் உட்காரவைத்து வைத்தியம் சொல்வார்.

இப்போது கன்றுகளைப் பிரித்து நடும் பருவம். மொட்டைமாடியில், நிழல்வலைக்குக் கீழே, மகளும் ஒத்தாசைக்கு உட்கார்ந்திருந்தாள்.

மகளிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மூன்று மாதமாக அவள் கேட்காமலே தள்ளிப்போட்டு வந்தாள். அப்பா போய் ஆறு வருஷம்தானே ஆகிறது என்று அந்த முகம் கறுத்துவிட்டால்? அவளுக்கென்று இருப்பது இவள் ஒருத்திதான்.

மகள் பின்னிக் கிடந்த வேர்களைத் தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்தாள். வைக்க வைக்க அவள் புருவம் மேலே ஏறியது.

"இருபதும் இருக்கேம்மா! ஒரு புள்ளி, ஒரு அழுகல் கிடையாது. எல்லாம் கொழுகொழுன்னு இருக்கு. அப்புறம் எதுக்கு வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு ஓடுற மாதிரி அவர் கடைக்கு ஓடுனே?"

தொட்டியில் போட அம்மா எடுத்திருந்த கரித்துண்டு கைநழுவி விழுந்தது.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஒரு வருஷம் சமாளித்ததே அதிகம்.

மகள் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் இருந்தது கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை.

"அவருக்கும் தெரியும்டி," என்றாள், தரையைப் பார்த்தபடி. "என் செடிக்கு ஒண்ணும் இல்லேன்னு முதல்லேயே தெரியும்னார். சொல்லிட்டு, என்கிட்ட ஒண்ணு கேட்டார். என் பொண்ணைக் கேட்காம பதில் சொல்ல முடியாதுன்னு வந்துட்டேன்."

முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து மகளின் கண்ணைப் பார்த்தாள்.

"சரின்னு சொல்லட்டுமா?"