பிரேக் டிரம்மின் சூடு

அப்பா இறந்த பிறகு ஆறு வருடமாக அவருடைய மோட்டார் சைக்கிள் வெயில் படாத கொட்டகையிலேயே நின்றது. டயரை மாற்றி ஓட்டலாம் என்று ஒரு ஞாயிறு காலை நானும் அக்காவும் முன்சக்கரத்தைக் கழற்றினோம். துருவேறிய அச்சு லேசில் அசையவில்லை.

"அப்பா இருந்திருந்தா ரெண்டே தட்டுல எடுத்திருப்பாரு," என்றாள் அக்கா.

ஒருவழியாகச் சக்கரம் வந்தது. பிரேக் டிரம்மைத் தொட்டவள் சட்டென்று கையை உதறினாள்.

"ஐயோ, சுடுதுடா!"

நானும் தொட்டேன். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியைப் போல் சுட்டது.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"உங்கப்பா மலையிறங்கி வந்தா எப்பவும் இப்படித்தான் இருக்கும். வந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது," என்றாள்.

சூடு முழுதும் ஆறும்வரை அம்மா கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் டயரை மாற்றிச் சக்கரத்தை மாட்டினோம்.