குனிந்தால் வலியில்லை

"குனிஞ்சா வலி இல்லீங்க டொக்டரம்மா. நிமிந்தாதான் காலு ரெண்டும் மரத்துப்போகுது."

பேச்சியம்மா சொன்னதைக் கேட்டு இளம் டொக்டர் தலையாட்டினார். தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை சுமந்து, காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்த இடுப்பு அது. மலை ஏறும்போது பேசாமல் இருக்கும். இறங்கும்போது உயிரை வாங்கும். தோட்டத்துக் கங்காணி இதைக் கேட்டு, "ஒனக்குக் குனியத்தான் தெரியும் பேச்சி" என்று சிரித்திருந்தார். சிரிக்க அவருக்கென்ன, இடுப்பு அவருடையதா?

"ஸ்கேன் படம் இப்ப வந்துரும். வெளிய உக்காந்திருங்க."

வெளியே வாங்குப் பலகையில் தங்கை ஜீவராணி இடம் பிடித்து வைத்திருந்தாள். தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் கூடவே வந்தவள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"படத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம். ராணி, நடக்கவே முடியாமப் போயிட்டா என்னய யாரு பாப்பா?"

"நாங்க இல்லியா? எம் புள்ளைங்க மூணும் ஒனக்கும் புள்ளைங்கதானே?"

அந்த மூன்றும் பேச்சியம்மாவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகின்றன. அப்பா என்று கூப்பிடுவது அவளுடைய புருஷன் செல்லசாமியை.

அவளுக்குத் தலைச்சன் பிள்ளை தோட்டத்து டிஸ்பென்சரியில் செத்துப் பிறந்தது. "உள்ள சுத்தம் பண்ணியாச்சு, போ" என்று அனுப்பி வைத்தார்கள். அடுத்தது வரவேயில்லை. தெரிந்த சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டாள். மண்சோறு தின்றாள். பொறுத்துப் பார்த்த மாமியார் ஒருநாள், "காய்க்காத மரத்துக்கு எதுக்குத் தண்ணி?" என்றாள். எவளோ வந்து விரட்டுவதைவிடத் தங்கச்சியே வரட்டும் என்று, தாலியைத் தட்டில் வைத்துப் புருஷன் கையில் கொடுத்தவளும் பேச்சியம்மாதான். அன்றிலிருந்து லயத்து வீட்டின் ஒற்றை அறை அவர்களுக்கு, குளிர் அடிக்கும் முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணை இவளுக்கு. பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக்கூட இவளை ஒரு வார்த்தை கூப்பிட மாட்டார்கள்.

"ஏங்க்கா அழுவுற? வலிக்குதா?"

"பட்ட காலுலயே படும்னு சும்மாவா சொன்னாங்க? மொதல்ல இந்த வயிறு எனக்குத் துரோகம் பண்ணிச்சு. இப்ப இடுப்பும்."

"சும்மா இரு அக்கா. ஒன் நல்ல மனசுக்கு ஒண்ணும் வராது."

நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அக்காவைத் தோளோடு அணைத்தபடி ஜீவராணியும் உள்ளே போனாள்.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டியிருந்தார்.

"இங்க பாருங்கம்மா. முதுகெலும்புக்குள்ள நரம்பு போற பாதை ஒடுங்கிப்போயிருக்கு. அதனாலதான் கால் மரக்குது. பயப்படாதீங்க, மருந்தும் பயிற்சியும் தாறேன். கூடை மட்டும் இனித் தூக்கக் கூடாது."

பேச்சியம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடக்கலாம். யார் கையையும் எதிர்பார்த்துக் கிடக்க வேண்டாம். குனிந்து கும்பிட்டாள்.

"அது சரி, இத ஏன் இன்னும் எடுக்கல?"

டொக்டரின் விரல் படத்தின் அடிப்பக்கம் இறங்கியிருந்தது. அங்கே வெள்ளையாக, சின்னதாக ஏதோ தெரிந்தது.

"ஐயோ, ஆணியா டொக்டரம்மா?"

டொக்டர் சிரித்துவிட்டார்.

"ஆணி இல்லம்மா, லூப். புள்ள தங்காம இருக்கிறதுக்குக் கர்ப்பப்பைக்குள்ள வைக்கிறது. இது ரொம்பப் பழசு, இந்த மாதிரி இப்பல்லாம் வைக்கிறதே இல்ல."

ஜீவராணியின் கை அக்காவின் தோளிலிருந்து நழுவியது.

டொக்டர் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்: "எத்தனை புள்ள பெத்த பிறகு, போதும்னு வச்சீங்க?"