மஞ்சள் வீட்டுக் கட்டில்

"இன்னும் ஐம்பது மணி நேரத்துல அந்த வீடு காலியாகிடும்," என்றாள் பொனாரியா, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எஃபீசியோ வேனின் பின்கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பூட்டு முதல் வாரமே உடைந்துவிட்டது.

"காலியானா சரி. உள்ள இருக்கிறவங்க இன்னும் ஒரு வாரம் வேணும்னு கேட்டா? ஆகஸ்ட் சீசன்ல வர்ற வாடகையை எந்த வீட்டுக்காரன் வேணாம்பான்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை ராத்திரி நான் அந்தக் கட்டில்லதான் படுப்பேன்."

"இந்த மெத்தைக்கு என்ன குறை?"

"மெத்தைக்கு ஒரு குறையும் இல்ல. அதுக்குக் கீழ இருக்கிற இரும்புக்குத்தான் என்மேல ஏதோ பகை."

மூன்று வாரமாக இத்தாலியின் சார்தீனியாத் தீவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தூக்கம் வேனில். குளியல் கடற்கரைக் குழாயில். இரவுக்கு மெல்லிய ரொட்டி, தக்காளி, செம்மறிப் பால் சீஸ். கண் விழித்தால் கடல். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நாள் இருவர் மட்டுமாக இருந்ததில்லை. எஃபீசியோ மறந்துபோன பாட்டுகளையெல்லாம் பாட ஆரம்பித்திருந்தார். பொனாரியாவின் இடுப்புதான் ஒத்துழைக்கவில்லை.

அந்த வீட்டின் படங்களை அவள் தினமும் பார்த்தாள். வாடகைக்குத் தங்கிப் போனவர்கள் எழுதியதையும் விடாமல் படித்தாள். கட்டில் கிறீச்சிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"படுக்கத் தெரியாதவன்," என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். எஃபீசியோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை போசா ஊர் வழியாகப் போனபோது, வெளியே நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். அடுத்தவர் தங்கியிருக்கும் வீட்டை எட்டிப் பார்ப்பது நன்றாயில்லை என்றார் அவர். சொல்லிக்கொண்டே ஆற்றங்கரையில் வேனை நிறுத்தினார். சந்து முனையில் ரொட்டிக்கடைக்காரர் கையை உயர்த்தினார். எஃபீசியோ தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார்.

மஞ்சள் வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். லுடோவிக்கா, மிலான் நகரத்துப் பெண். உப்பேறிய தலையும் தேய்ந்த செருப்புமாக நின்றவர்களைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"வேன்லயா ஊர் சுத்தறீங்க? உள்ள வாங்க, காபி போடறேன்."

எஃபீசியோ மறுப்பதற்குள் பொனாரியா உள்ளே போய்விட்டாள்.

லுடோவிக்கா வீட்டைச் சுற்றிக் காட்டினாள். குழாயில் சுடுநீர் வலப்பக்கம் வரும், ஜாக்கிரதை என்றாள். சமையலறை அலமாரிக் கதவைச் சற்றுத் தூக்கித்தான் திறக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்கவே தனக்கு இரண்டு நாள் ஆயிற்று என்றாள். பொனாரியா பரீட்சைக்குப் படிப்பவள்போலத் தலையாட்டிக் கேட்டாள். படுக்கையறையில் மட்டும் நின்று, கட்டிலின் விளிம்பைக் கையால் அழுத்திப் பார்த்தாள். அது கிறீச்சிட்டது.

காபி வந்தது. எஃபீசியோ கோப்பையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"வீட்டுக்காரங்களை நான் பார்த்ததே இல்ல. சாவி ரொட்டிக்கடையில இருந்துச்சு," என்றாள் லுடோவிக்கா. "இப்படி ஒரு வீட்டை விட்டுட்டு ஆகஸ்ட்ல எங்கதான் போறாங்களோ. பெரிய பணக்காரங்களா இருக்கணும். எனக்குப் போகவே மனசில்ல. இன்னும் ஒரு வாரம் தருவீங்களான்னு கேட்கப் போறேன்."

பொனாரியாவின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

லுடோவிக்கா கைபேசியில் எழுதி அனுப்பினாள்.

எஃபீசியோவின் சட்டைப் பையில் மணி அடித்தது.

மூவரும் அந்தப் பையையே பார்த்தார்கள். எஃபீசியோ வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்வார் என்று பொனாரியாவுக்குத் தெரியும். கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"முடியாதும்மா. இந்த மனுஷன் சரின்னுதான் சொல்வாரு, நீ கேட்காதே. நாளைக்கு ராத்திரி எனக்கு அது வேணும். முப்பத்தொரு வருஷமா அது என்னோட கட்டில்."